ஆனி ஓக்லியும் 55 பத்திரிகைகளும்

யூட்யூபில் ஆனி ஓக்லி, எடிசன், 1894 என்று போட்டுத் தேடிப் பாருங்க. சத்தமில்லாத ஒரு சின்ன கறுப்பு வெள்ளைப் படம் வரும். தொப்பி, பாவாடை, கையில் ரைபிளோடு ஒரு பெண். முதலில் எதிரே நிறுத்தி வைத்த குறிகளைப் படபடவென்று சுடுகிறார். அப்புறம் பக்கத்தில் நிற்கிற ஆள் மேலே வீசும் பொருட்களைச் சுடுகிறார். புகை. அவ்வளவுதான், முடிந்தது. நாம் பார்க்கும் ரீல்ஸ் பல இதைவிட நீளம்.

எடுத்தது தாமஸ் எடிசனின் ஆட்கள், அமெரிக்காவின் நியூஜெர்சியில். அந்த ஸ்டூடியோவைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனசு வரவில்லை. அன்றைக்குப் படம் பிடிக்கிற அளவுக்கு மின்விளக்கு வெளிச்சம் கிடையாது. அதனால் கூரையைத் திறந்து வெயிலை உள்ளே விடுவார்கள். சூரியன் நகர நகர, மொத்தக் கட்டடத்தையும் ஒரு வட்டத் தண்டவாளத்தின் மேல் திருப்புவார்கள். மெக்கானிக்கல் பசங்க கவனிக்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு அப்போது 34 வயது. ரைபிள் ஷூட்டிங் என்றால் நமக்கு அபினவ் பிந்த்ரா ஞாபகம் வரும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஞாபகம் வரும். இவர் அவர்களுக்கு நூறு வருஷம் முன்னாடி. ஒலிம்பிக்ஸே தொடங்காத காலத்தில், துப்பாக்கி சுடுவதை மட்டுமே தொழிலாக வைத்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சாகசங்களைத்தான் எழுதுகிறார்கள். எனக்கோ இவர் கோர்ட்டுகளில் கழித்த ஆறு வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஆறு வருஷம் ஏன் தேவைப்பட்டது என்று புரிய, முதலிலிருந்து வர வேண்டும்.

1860 ஆகஸ்ட் 13. ஒஹாயோ மாநிலத்தில் டார்க் கவுன்ட்டி என்ற பகுதி. ஒரு மரக்குடிசை வீட்டில் பிறந்தாள். பெற்றோர் வைத்த பெயர் ஃபீபி ஆன் மோசி. வீட்டில் ஆனி என்று கூப்பிட்டார்கள். அப்பா ஜேகப், அம்மா சூசன், வீடு நிறையக் குழந்தைகள். கையில் காசு இல்லை. ஒரு குளிர்காலத்தில் பனிப்புயலுக்குள் மாட்டிக்கொண்டு வீடு திரும்பிய அப்பா, அதிலிருந்து மீளவே இல்லை. 1866-ல் இறந்துபோனார். ஆனிக்கு ஐந்து வயது.

அப்பா விட்டுப்போன சொத்து என்று பார்த்தால் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய நீளக் குழல் ரைபிள். எட்டு வயதில் அதை இறக்கி, வேலிமேல் உட்கார்ந்திருந்த அணிலைச் சுட்டதுதான் தன் முதல் குறி என்று அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். விளையாட்டுக்குச் சுட்டது இல்லை. அன்றைக்கு வீட்டில் கறி வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது கொடுமை. அம்மாவால் எல்லாக் குழந்தைகளையும் காப்பாற்ற முடியவில்லை. ஒன்பது, பத்து வயதில் ஆனி மாவட்டத்து ஏழைகள் இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள். அங்கே இருந்த நிர்வாகியின் மனைவி தையல் கற்றுக்கொடுத்தார். அது வரை பரவாயில்லை. அங்கிருந்து ஒரு குடும்பம் அவளை வீட்டு வேலைக்குக் கூட்டிப்போனது. வாரம் 50 சென்ட் கூலி, படிக்க வைக்கிறோம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். கூலியும் இல்லை, படிப்பும் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அடிமை மாதிரி வைத்திருந்தார்கள். அடி, உதை. ஒருநாள் இரவு தைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள் என்பதற்காக வெறுங்காலோடு பனியில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் தப்பித்து ஓடி வந்தாள்.

இதில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும். அந்தக் குடும்பத்தின் பெயரை அவர் சாகும் வரை எங்கேயும் சொல்லவில்லை. எழுதிய இடத்தில் எல்லாம் ஓநாய்கள் என்று மட்டும் குறிப்பிட்டார். உலகப் புகழ் வந்த பிறகு, ஒரு பேட்டியில் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், அந்தக் குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாமல் போயிருக்கும். சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் வேட்டையைத் தொழிலாக்கிக்கொண்டாள். காடை, முயல், காட்டுக்கோழி. கிரீன்வில் ஊரில் இருந்த ஒரு மளிகைக் கடைக்கு விற்றாள். கடைக்காரர்கள் அதை சின்சினாட்டி நகரத்து ஹோட்டல்களுக்கு அனுப்பினார்கள். இங்கேதான் குறியின் ரகசியம் இருக்கிறது. ஷாட்கன்னால் சுட்டால் கறி முழுக்க ரவை. சாப்பிடுகிறவர் பல்லில் கடிபடும். ஆனி தலையில் மட்டும் சுடுவாள், அதனால் கறி சுத்தமாக இருக்கும், ஹோட்டல்காரர்கள் தேடி வாங்கினார்கள். துல்லியம் என்பது அவளுக்குப் பரிசுக் கோப்பை சமாச்சாரம் ஆவதற்கு முன்னால் வியாபார சமாச்சாரம். ஒரு இன்ச் தள்ளிப்போனால் விலை குறையும். 15 வயதில் அம்மா வீட்டின் மேல் இருந்த 200 டாலர் அடமானக் கடனை அந்தக் காசில் அடைத்தாள்.

அடுத்து ஃபிராங்க் பட்லர். அயர்லாந்திலிருந்து வந்தவர், ஊர் ஊராகப் போய் மேடையில் துப்பாக்கி வித்தை காட்டுகிறவர். எந்த ஊருக்குப் போனாலும் உள்ளூர் ஆட்களோடு பந்தயம் கட்டுவது வழக்கம். 100 டாலர் பந்தயம் என்று ஒரு ஹோட்டல்காரர் ஆள் கொண்டுவந்தார். வந்து நின்றது ஐந்தடி உயரத்தில் ஒரு கிராமத்துப் பெண். ஃபிராங்க்குக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆளுக்கு 25 பறவைகள். ஃபிராங்க் 24, ஆனி 25.

தோற்ற ஃபிராங்க் ஷோவுக்கு வரச் சொல்லி டிக்கெட் கொடுத்தார், கடிதம் எழுதினார், கல்யாணமும் ஆனது. 1876 என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பதிவில் இருக்கிற சான்றிதழில் 1882 ஜூன் 20, கனடாவின் வின்ட்சர் நகரம் என்று இருக்கிறது. இந்த ஆறு வருஷக் குளறுபடிக்கு அப்புறம் வருகிறேன்.

1882-ல் ஒருநாள் ஃபிராங்க்கின் மேடைக் கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை. குறிப்பொருளைக் கையில் பிடித்து நிற்க ஆள் வேண்டும் என்று ஆனி மேடையேறினார். பிடிக்க மட்டும் முடியாது, நானும் மாறி மாறிச் சுடுவேன் என்றார். கூட்டத்துக்கு அவரைத்தான் பிடித்தது. ஓக்லி என்ற மேடைப் பெயர் அப்போது வந்தது. சின்சினாட்டியில் அந்தப் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது, அதிலிருந்து எடுத்ததாகச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஃபிராங்க் செய்ததை நான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறேன். தன்னைவிட மனைவி நன்றாகச் சுடுகிறாள் என்று தெரிந்ததும் மேடையை விட்டு இறங்கினார். அதன்பிறகு மேனேஜர், விளம்பரம் எழுதுகிறவர், துப்பாக்கியில் தோட்டா போட்டுக் கொடுக்கிறவர், குறிப்பொருளை வீசுகிறவர், எல்லாம் அவர்தான். 1880களில்! இன்றைக்கு இதே மாதிரி எத்தனை பேர் இறங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 1946-ல் இவர் கதையை பிராட்வேயில் இசை நாடகமாகப் போட்டார்கள். அதில் கடைசிக் காட்சியில் ஃபிராங்க்கின் மனசு புண்படக்கூடாது என்று ஆனி வேண்டுமென்றே தோற்கிறார். நிஜத்தில் அவர் ஜெயித்தார், அதனால்தான் கல்யாணமே நடந்தது. நாடகக்காரர்களுக்கு அது ஏன் பிடிக்கவில்லையோ.

அவர் என்ன சுட்டார் என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். முதலில் ஒரு அடிப்படை. ஷாட்கன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும், ஒரே தோட்டாவில் நூற்றுக்கணக்கான சின்ன ரவைகள் பரவிப் போகும். ரைபிள் குழலுக்குள் சுருளாக வரிகள் வெட்டியிருக்கும், அதனால் ஒரே ஒரு குண்டு பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே நேராகப் போகும். பறக்கிற பொருளை ஷாட்கன்னால் அடிப்பதே பழக்கம் வேண்டிய வேலை. ரைபிளால் அடிப்பது வேறு உலகம். 1884-ல் ஒஹாயோவின் டிஃபின் ஊரில், மேலே எறிந்த 1000 கண்ணாடி உருண்டைகளில் 943-ஐ .22 ரைபிளால் உடைத்தார். அடுத்த வருஷம் சின்சினாட்டியில் ஷாட்கன்னோடு ஒன்பது மணி நேரம் நின்று 5000 உருண்டைகளில் 4772. துப்பாக்கியில் தோட்டா நிரப்பியதும் அவரே.

என்சிசியில் இருக்கிறவர்களுக்கு .22 என்றால் தெரியும். குப்புறப் படுத்து, கை முட்டி தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, 25 கெஜம் தூரத்தில் அசையாமல் நிற்கும் அட்டையில் ஐந்து ரவுண்டும் ஒரு கை அகலத்துக்குள் விழுந்தாலே அன்றைக்கு ஆள் ஹீரோ. இவர் நின்றுகொண்டு, காற்றில் போகிற உருண்டையை.

இன்னொன்று, சீட்டுக்கட்டு வித்தை. சீட்டின் முகம் தெரியாமல் விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி நிறுத்தி, 30 அடி வைக்கும் தூரத்திலிருந்து, அதாவது சுமார் 27 மீட்டரிலிருந்து, அதை இரண்டாகக் கிழிப்பார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீட்டின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர், .22 குண்டின் விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரமாவது சீட்டில் உரச வேண்டுமென்றால் பிழை 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 27 மீட்டரில் அது 0.006 டிகிரி. துப்பாக்கியின் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கை 0.07 மில்லிமீட்டர் விலகினாலே தப்பிவிடும். நம் தலைமுடியின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குண்டும் துப்பாக்கியும் தரும் பிழையை நான் சேர்க்கவே இல்லை.

கைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கியைத் தோள்மேல் பின்பக்கமாக வைத்துச் சுடுவதும் அவருடைய ஷோவில் உண்டு. கண்ணாடி முன்னால் நின்று தலைவாரும்போதே நமக்குக் கை தப்பான பக்கம் போகும்.

1885-ல் பஃபலோ பில் என்ற பெயரில் புகழ்பெற்ற வில்லியம் கோடியின் வைல்ட் வெஸ்ட் ஷோவில் சேர்ந்தார். குதிரை வீரர்கள், காட்டெருமைகள், அமெரிக்கப் பழங்குடி மக்கள், நூற்றுக்கணக்கான பேர் ரயிலில் ஊர் ஊராகப் போகும் பிரம்மாண்டமான ஷோ. இவரை வேலைக்கு எடுத்த விதம் எனக்குப் பிடித்த விஷயம். ஆடிஷன் இன்னும் தொடங்கவே இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மைதானத்தில் தனியாகப் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தார். ஷோவின் பங்குதாரர் ஓரமாக நின்று பார்த்தார். பார்த்தது போதும் என்று அப்போதே எடுத்துக்கொண்டார்கள்.

அதே வருஷம் ஷோவில் லகோட்டா தலைவர் சிட்டிங் புல்லும் இருந்தார். முந்தைய வருஷமே மின்னசோட்டாவில் ஆனி சுடுவதைப் பார்த்து அசந்துபோய், தன் மகளாகத் தத்தெடுத்துக்கொள்வதாகச் சொன்னவர். குறி தப்பாத சின்னவள் என்ற பொருளில் அவர் வைத்த பெயர்தான் பிறகு போஸ்டர்களில் எல்லாம் ஏறியது.

நடை, உடை விஷயத்தில் ஆனி ரொம்பக் கறார். ஷோ உடைகளைத் தானே தைத்தார். மேடைப் பெண்கள் என்றாலே ஊர் ஒருமாதிரி பேசிய காலம் அது. அதனால் முழுக்க மூடிய உடை, சுருக்கம் இல்லாத பாவாடை, குதிரைமேல் ஒருபக்கமாக உட்காரும் பழைய முறை. சும்மா இருக்கும் நேரத்தில் கூடாரத்தில் எம்பிராய்டரி. ஒரு பெண் துப்பாக்கி எடுத்தால் அவள் ஒழுங்கானவளா என்று கேட்பார்கள் என்று தெரிந்தே, கேட்க இடம் வைக்காமல் வாழ்ந்தார். இது சரியா, ஒரு பெண் ஏன் இவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்கிறேன். ஆனால் அவர் சாப்பாடு அந்த நல்ல பெயரில்தான் இருந்தது.

அப்படிப்பட்டவருக்கும் பொறாமை உண்டு. 1886-ல் லிலியன் ஸ்மித் என்ற 15 வயதுப் பெண் ஷோவில் சேர்ந்தாள். நன்றாகச் சுடுவாள், வாயும் ஜாஸ்தி. திடீரென்று ஆனியின் வயது ஆறு வருஷம் குறைந்தது. பிறந்தது 1866 என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் வாழ்க்கைத் தேதிகள் எல்லாம் இன்றைக்கும் குழம்பிக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குறி தப்பாதவர், வயதில் தப்பிவிட்டார்.

1887-ல் ஷோ லண்டன் போனது. விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டு. மகாராணியே வந்து பார்த்தார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே அவர் கற்றுக்கொண்டது. லண்டனில் சார்ல்ஸ் லான்காஸ்டர் என்ற பெயரில் துப்பாக்கி செய்யும் நிறுவனம் இருந்தது. அவர்களின் தனி மைதானத்தில் பயிற்சிக்குப் போனார். இங்கிலாந்தின் வேகமான புறாக்களிடம் ஆரம்பத்தில் இவர் திணறினார். காரணத்தை அவர்கள் கண்டுபிடித்தார்கள். துப்பாக்கி கனமாக இருந்தது, கட்டையின் வளைவு இவர் உடம்புக்குப் பொருந்தவில்லை. இவர் உயரத்துக்கும் கை நீளத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து லேசான துப்பாக்கி செய்துகொடுத்தார்கள், தையல்காரர் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி. அதற்குப் பிறகு புறா தப்பவில்லை. பல வருஷமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டார், என் கருவி எனக்குப் பொருந்தவில்லை என்று ஒத்துக்கொண்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து பழகினார்.

ஐரோப்பா முழுக்கச் சுற்றியதில் எக்கச்சக்கமான கதைகள் உண்டு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிடித்திருந்த சிகரெட்டின் சாம்பலைச் சுட்டுத் தட்டினார் என்பது எல்லோரும் சொல்கிற கதை. முதல் உலகப்போர் வந்தபோது, அன்றைக்குக் கொஞ்சம் தள்ளிச் சுட்டிருக்கலாமே என்று அமெரிக்கர்கள் ஜோக் அடித்தார்களாம். ஓட்டை போட்ட இலவச டிக்கெட்டுகளுக்கு அமெரிக்காவில் ஆனி ஓக்லி என்றே பெயர் வந்தது, இவர் சுட்ட சீட்டுகள் மாதிரி இருந்ததால்.

1901 அக்டோபர் 29. வட கரோலினாவில் ஷோ ரயில் ஒரு சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதியது. சுமார் நூறு குதிரைகள் செத்தன. ஆனி உயிர் தப்பினார். ஆனால் கோடியின் ஷோவிலிருந்து விலகினார். நாடகத்தில் நடித்தார், போட்டிகளில் சுட்டார். வயது 40 தாண்டியிருந்தது. அமைதியாகப் போயிருக்க வேண்டியது.

1903 ஆகஸ்ட். சிகாகோவில் ஒரு பெண் கைதானார். திருட்டுக் கேஸ். ஒருவருடைய பேன்ட்டைத் திருடியிருக்கிறாள், கொக்கெய்ன் வாங்கக் காசுக்காக. பெயர் கேட்டதற்கு ஆனி ஓக்லி என்று சொல்லிவிட்டாள். மலிவான மேடை நிகழ்ச்சிகளில் கிட்டத்தட்ட அந்தப் பெயரில் ஆடிக்கொண்டிருந்தவள் அவள். வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகை முதலாளியின் சிகாகோ பத்திரிகைகள் ஒரு போன் கூடப் போட்டுப் பார்க்காமல் செய்தி போட்டன. புகழ்பெற்ற ஆனி ஓக்லி போதைக்கு அடிமையாகி ஜெயிலில், அழகெல்லாம் போய் அலங்கோலமாக, என்று. தந்தி வழியாக அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனது. அங்கங்கே இருந்த பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டன. காப்பி பேஸ்ட் நம்ம தலைமுறை கண்டுபிடித்தது என்று நினைத்தால் தப்பு.

நிஜ ஆனி அப்போது நியூஜெர்சி பக்கம் இருந்தார். சிகாகோவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

நிறையப் பத்திரிகைகள் தப்பு தெரிந்ததும் மறுப்புச் செய்தி போட்டன, வருத்தம் தெரிவித்தன. வேறு யாராவது இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. 55 பத்திரிகைகள் மேல் அவதூறு வழக்கு போட்டார். ஒன்று இரண்டு அல்ல, 55. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில், ஒவ்வொரு கோர்ட்டில். 1904-லிருந்து 1910 வரை ரயில் ஏறி ஏறிப் போய் அவரே சாட்சிக்கூண்டில் நின்றார். ரயில் விபத்தில் தப்பியவர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவருடைய படிப்பைக்கூடக் கிண்டினார்கள். ஹெர்ஸ்ட் ஒரு படி மேலே போய் டார்க் கவுன்ட்டிக்கு ஒரு துப்பறிவாளரையே அனுப்பினார். சின்ன வயதில் இவர் ஏதாவது தப்பு செய்திருக்க மாட்டாரா, கோர்ட்டில் காட்டலாமே என்று. போன ஆளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் அசிங்கம் இல்லாமல் இல்லை. பத்து வயதுக் குழந்தையைப் பனியில் தள்ளிய வீடு அங்கேதான் எங்கேயோ இருந்தது. அந்த வீட்டின் பெயரைக் காப்பாற்றியவர் ஆனி. அவருடைய பெயரை ஐந்து நிமிடத்தில் அச்சில் ஏற்றி நாறடித்தவர்கள் நகரத்துப் படித்தவர்கள்.

55-ல் 54. ஹெர்ஸ்டும் பணம் கட்டினார். வந்த நஷ்டஈடு வக்கீல் செலவுக்கும் பயணத்துக்குமே சரியாகப் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆறு வருஷத்தில் மேடையில் சம்பாதித்திருக்கக்கூடியது தனிக்கணக்கு. அதை இவர் நஷ்டமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. உருண்டைகளை உடைக்கும்போது எப்படியோ அப்படியே, ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று போயிருக்கிறார்.

வழக்குகள் முடிந்ததும் இன்னொரு ஷோவில் கொஞ்ச நாள் சுட்டார். 1913-ல் மேடையை விட்டு ஓய்வெடுத்தார். அதற்கப்புறம் செய்ததுதான் அவருக்கே அதிகம் பிடித்த வேலையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் என்ற சுற்றுலா ஊரில், அவரும் ஃபிராங்க்கும் குளிர்காலங்களில் தங்கினார்கள். அங்கே வரும் பெண்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தார், காசு வாங்காமல். ஓய்வுக்கு வந்த குடும்பத் தலைவிகள், அவர்களின் மகள்கள். கட்டையைத் தோளில் எப்படிப் பதிப்பது, கன்னத்தை எங்கே வைப்பது, ட்ரிகரை இழுக்காமல் மெதுவாக அழுத்துவது. மொத்தமாகத் தன் வாழ்நாளில் சுமார் 15,000 பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்வார்கள்.

பெண்கள் சுடக் கற்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. 1898-ல் ஸ்பெயினோடு போர் வரும்போல் இருந்த சமயம், குடியரசுத் தலைவர் மெக்கின்லிக்குக் கடிதம் எழுதினார். 50 பெண் குறிகாரர்களை அழைத்துவருகிறேன், துப்பாக்கியும் தோட்டாவும் எங்கள் செலவு என்று. அரசாங்கம் எடுத்துக்கொள்ளவில்லை. 1917-ல் மறுபடி எழுதினார், மறுபடி பலன் இல்லை. அப்புறம் தன் சொந்தச் செலவில் ராணுவ முகாம்களுக்குப் போய்ச் சுட்டுக் காட்டினார். கூடவே டேவ் என்ற நாய். கைக்குட்டையில் சுற்றி ஒளித்துவைத்த பணத்தை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும், கண்டுபிடித்த பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. ஆச்சரியம் என்னவென்றால், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்தில் அவர் சேரவில்லை. துப்பாக்கி கொடு என்றார், ஓட்டு கொடு என்று மேடையேறிச் சொல்லவில்லை. எனக்கு இது இன்னும் ஒட்டவில்லை. ஆனால் மனுஷங்க நம்ம வசதிக்கு ஏற்ற மாதிரி ஒரே நிறத்தில் இருக்க மாட்டார்கள்.

1922-ல், 61, 62 வயதில், பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் 16 கெஜத்திலிருந்து தொடர்ந்து 100 களிமண் தட்டுகளை உடைத்தார். ஒன்றுகூட விடவில்லை. அதே வருஷம் நவம்பரில் ஃப்ளோரிடாவில் கார் விபத்து. இடுப்பும் கணுக்காலும் உடைந்தன. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது வலது காலில் இரும்புப் பட்டை. அதோடு ஊன்றி நின்று மறுபடி சுட ஆரம்பித்தார், 1924-லும் போட்டிகளில் சுட்டார்.

வாங்கிய தங்கப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றை உருக்கி விற்று, பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். 

கடைசி நாட்களில் சொந்த மாவட்டத்துக்கே திரும்பினார். முயலும் காடையும் விற்ற அதே கிரீன்வில். 1926 நவம்பர் 3 அன்று அங்கே இறந்தார், வயது 66. ஃபிராங்க் அப்போது மிச்சிகனில் உடம்பு முடியாமல் இருந்தார். செய்தி கேட்ட பிறகு சாப்பிடவே இல்லை என்பார்கள். 18 நாள் கழித்து, நவம்பர் 21, அவரும் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரையும் கிரீன்வில் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே புதைத்திருக்கிறார்கள்.